குடிலுக்கு வந்த வைக்கோல்

பம்பாய் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள். கொதிக்க வைக்காத தண்ணீர் கூடாது. பச்சைக் காய்கறி கூடாது. தோல் உரிக்காத பழம் கூடாது. பூ, தொட்டிச்செடி, மண் எதுவும் கிட்டே வரக் கூடாது. நாய், பூனை, கோழி கூடாது. கூட்டம் கூடாது. வீடு கட்டுகிற இடம், இடிக்கிற இடம் பக்கமே போகக் கூடாது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி செய்வதுதான் என் வேலை. ரயில் திருச்சிக்கு வருவதற்குள் தாள் மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் வைக்கோல் என்ற வார்த்தை இல்லை. எத்தனை தடவை படித்தாலும் இல்லை. அந்தத் தாளைத் தயாரித்தவர் யாரோ, அவர் வாழ்க்கையில் கிறிஸ்துமஸ் குடில் கட்டியதில்லை.

தம்பி கைலாசபுரத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். இருபத்திநாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. எண்பதுகளின் கடைசி அது. எலும்பு மஜ்ஜையை மாற்றினால் பிழைக்கலாம் என்று சொல்லும் இடங்களே நாட்டில் ஒன்றிரண்டுதான் இருந்தன. ஃபேக்டரி அவனை பம்பாய்க்கு அனுப்பியது. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் பிள்ளைகள். என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்தியது. அவனுடைய மஜ்ஜையை மருந்தும் கதிரும் கொடுத்து அடியோடு சாகடித்தார்கள். பிறகு என் இடுப்பெலும்பில் ஊசிகளை இறக்கி உறிஞ்சி எடுத்ததை, ரத்தம் ஏற்றுவதுபோல அவனுக்கு ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து அது பிடித்துக்கொண்டது. பி குரூப்பாக இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக என்னைப்போல ஓ குரூப் ஆனான்.

"இனிமே உனக்கு வாய் நீளும்டா, என் ரத்தம்ல" என்றேன்.

"வாய் நீண்டாப் பரவால்ல. மீசை கொட்டிறப் போவுது" என்றான். மீசை ஏற்கனவே கொட்டியிருந்தது.

ஒரு தொல்லை மட்டும் கூடவே வந்தது. என் ரத்தம் அவன் உடம்பை அந்நியனாக நினைத்துச் சண்டை போட்டது. தோல் சிவந்து உரிந்தது. வயிறு போனது. அதை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை என் ரத்தத்தின் கையைக் கட்டிப்போட்டது. அதாவது, வேறு எது உள்ளே வந்தாலும் சண்டை போட ஆள் இல்லை. இதை டாக்டர் எனக்கு இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவையிலேயே புரிந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் மழையோடு பாலக்கரை வீட்டுக்கு வந்தோம். நான் லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அவர்கள் நோயாளியைப் பார்க்க வருவதில்லை, பார்த்துவிட்டு வந்து சொல்வதற்காக வருகிறார்கள். ஒருவரையும் உள்ளே விடவில்லை. மாதா கோயில் சாமியார் ஒருவர்தான் மழையில் குடையோடு நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டவர். மற்றவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்கள்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் உரக்கடையில் வேலை. அவரோடு அத்தையும் வந்தாள். அத்தையின் கையில் காந்தி மார்க்கெட் மல்லிகைப்பூவும் ஒரு பாட்டில் வேளாங்கண்ணித் தீர்த்தமும் இருந்தன. இரண்டையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

"ஏண்டி, மாதா தண்ணியிலயா கிருமி இருக்கும்?" என்றாள் அத்தை.

"மாதா குடிக்கலாம். அவன் குடிக்கக் கூடாது."

"வாயப் பாரு. எலும்புச்சாறு குடுத்துட்டா இவ அவனப் பெத்தவளாயிடுவாளா?"

"பெத்தவளே தள்ளி நின்னுதான் பாக்குறா. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாமா சிரித்தார். "விடு, அவ சொல்றபடி செய்யி" என்று அத்தையை அடக்கினார். அந்த ஆள் மேல் அன்றைக்கு எனக்கு மரியாதை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டிசம்பரில் குடில் வைப்போம். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை மலை, குளம், ஆடு, இடையர் எல்லாம் வைத்து வீட்டுக்குள்ளேயே கட்டுவது. தம்பி கட்டும் குடிலைப் பார்க்க அடுத்த கோயில் பங்கிலிருந்தெல்லாம் வருவார்கள். மண்ணால் மலை எழுப்புவான். தட்டில் கேழ்வரகு விதைத்து முளை வந்ததும் புல்வெளி என்பான். உடைந்த கண்ணாடி குளம் ஆகும். மரத்தூள் பாதை ஆகும். கூரை மட்டும் எப்போதும் நிஜ வைக்கோல். காகிதத்தில் கூரை போடுகிறவர்களை அவன் மதிக்கவே மாட்டான்.

டிசம்பர் பிறந்ததும் ஆரம்பித்தான்.

"அக்கா, குடில்."

"வேண்டாம்."

"சின்னதா."

"மண்ணு கிடையாது."

"சரி, அட்டையில மல செஞ்சுக்கிறேன்."

"கேவுறு வெதைக்கிறது கிடையாது."

"பச்சக் காயிதம்."

"மரத்தூள் கிடையாது. தூசி."

"கூரைக்கு வைக்கோலாவது குடு அக்கா. அதக்கூட உன் தாள்ல வேண்டாம்னு போட்டிருக்கா? மாட்டுத்தொழுவத்துல கொழந்த பொறக்கலாமான்னும் சேத்துப் பாரு."

தாளை எடுத்துப் பார்த்தேன். அவன் எதிரிலேயே விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பூ, செடி, மண். வைக்கோல் இல்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வைக்கோல் வெச்சுக்க" என்றேன்.

மாமாவிடம் சொன்னோம். உரக்கடைக்கு வரும் கொள்ளிடக்கரை விவசாயிகள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். மறுநாளே மொபெட்டில் இரண்டு கட்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வைக்கோல் மஞ்சளாக இல்லை. அழுக்கு நிறத்தில் இருந்தது. அங்கங்கே கறுத்திருந்தது. பழைய கோணிச்சாக்கைப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம் அடித்தது.

"ஈரமா இருக்கே மாமா."

"சம்பா இன்னும் அறுக்கல. இது குறுவ வைக்கோல். மழையில போரு நனஞ்சு போச்சு. போருக்காரன் உள்ளேருந்துதான் நல்லதா உருவிக் குடுத்தான். காய வெச்சாச் சரியாப் போயிடும்மா."

வெளியே மழை. எங்கே காய வைப்பது? கூடத்தில் பழைய புடவையை விரித்து, ஃபேனுக்குக் கீழே பரப்பினேன். ஃபேனை வேகமாக வைத்தேன். இரண்டு நாள் காய்ந்தது. காய்ந்ததும் உதறினேன். பாயை உதறுவதுபோலக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துத் தரையில் அடித்து உதறினேன். அழுக்கு போக வேண்டும் என்று உதறினேன். சாம்பல் மாதிரி, கொஞ்சம் பச்சை கலந்த பொடி கிளம்பியது. நான் நாலு தடவை தும்மினேன். தம்பி அடுத்த மூலையில் உட்கார்ந்து, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நல்ல நல்ல வைக்கோலாகப் பொறுக்கி ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"மூக்க மூடுடா" என்றேன்.

"மூச்சு முட்டுது" என்றான்.

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பூவைக் கொண்டுவந்தவளை வாசலில் நிறுத்தியவள் நான். வெந்நீரைக் கூட இரண்டு தடவை கொதிக்க வைத்தவள். அந்தப் பொடியை மாத்திரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கூடத்தை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன்.

குடில் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. கூரை அற்புதமாக வந்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல். மூச்சை இழுத்தால் வலது பக்கம் கத்தி குத்துவதுபோல வலி. பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளை இருந்தது. டிபி என்றார் டாக்டர். எங்கள் ஊரில் இருமுகிறவனுக்கு முதலில் சொல்வது அதுதான். மாத்திரைகளை ஆரம்பித்தார். மஜ்ஜை மாற்றியவன் என்று பம்பாய் ஃபைலை அவர் மேஜையில் வைத்தேன். "படிக்கிறேன்" என்றார். ஒரு வாரம் அந்த ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது. நானும் ஒரு வாரம் அவரை நம்பிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் தம்பி இருமி, துண்டில் ரத்தத்தைக் காட்டினான்.

நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். என் சீட்டில் இருந்த தோழி எழுந்து இடம் கொடுத்தாள். பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டேன். எங்களைப் பார்த்த டாக்டரே கிடைத்தார். காய்ச்சலைச் சொன்னேன், எக்ஸ்ரேயைச் சொன்னேன், ரத்தத்தைச் சொன்னேன்.

வீட்டில் ஏதாவது இடித்தீர்களா, வெள்ளையடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். செடி, மண்? இல்லை என்றேன். மக்கிப்போன தானியம், எரு, வைக்கோல்?

சொன்னேன். ஈரமாக வந்ததைச் சொன்னேன், ஃபேனைச் சொன்னேன், உதறியதைச் சொன்னேன்.

மறுமுனையில் சத்தம் இல்லை. லைன் செத்துவிட்டதா, ஆள் பேசாமல் இருக்கிறாரா என்பது எனக்குக் கேட்டாலே தெரியும். அதுதான் என் தொழில். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பொறுமையாகச் சொன்னார். நனைந்த வைக்கோலில் வளரும் பூஞ்சை அது. அதன் விதை தூசியைவிடச் சின்னது. எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. சண்டை போட ரத்தம் இல்லாதவன் இழுத்தால் அது நுரையீரலில் வேர் விட்டு, ரத்தக்குழாயைத் துளைத்துக்கொண்டு வளரும். வைக்கோலிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, காற்றில் எங்கேயும் இருப்பதுதான் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்காகச் சொன்னார். எனக்கு அது வேண்டாம்.

ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். ஆம்போடெரிசின். எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டேன். சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் இன்றே ஆரம்பியுங்கள் என்றார்.

திருச்சியில் எந்தக் கடையிலும் அது இல்லை. மெட்ராஸுக்கு மாமாவை அனுப்பினேன். ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டே போய், அடுத்த நாள் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தோடு வந்து நின்றார்.

"இது என்னத்துக்கும்மா?"

"பூசணத்துக்கு."

"நெஞ்சுக்குள்ளயா பூசணம்? என்னம்மா சொல்றே, ஊறுகாயா அது?"

வைக்கோலைப் பற்றி நான் சொல்லவில்லை. இரக்கத்தால் இல்லை. அவர் ஓடிக்கொண்டிருந்தார். சொன்னால் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஓடுகிற ஆள் வேண்டும்.

அன்றே வீட்டுக்குப் போய், மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு குடிலைப் பிரித்தேன். வைக்கோலை ஈரப் போர்வையில் சுருட்டிக் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். அம்மா கத்தினாள்.

"மூணு ராசாக்கள் திருநாள் முடியாம குடிலப் பிரிக்கவே கூடாது. குடிலக் கொளுத்துறியேடி பாவி!"

கொளுத்தினேன்.

அந்த மருந்து ஏறி அரை மணியில் உடம்பு தூக்கிப்போடும். கட்டில் தரையில் நகரும் அளவுக்குக் குளிர் நடுக்கம். நானும் நர்ஸும் நாலு கம்பளியைப் போட்டு மேலே சாய்ந்து அமுக்குவோம். "பேய் ஓட்டுறாங்களா அக்கா?" என்பான் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு வாரத்தில் சிறுநீர் குறைந்தது. மருந்தே கிட்னியைத் தின்றது. நிறுத்தினால் பூஞ்சை தின்னும். டாக்டர் இப்போது ஃபைலைப் படித்திருந்தார். தினமும் என்னிடம் கேட்டுத்தான் அளவை மாற்றினார். அதற்காக நான் அவரிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தம்பி தெளிவாக இருந்தான்.

"குடில எரிச்சுட்டியாமே. அம்மா அழுவுது."

"ஆமா."

"வைக்கோலா?"

"காத்துல எங்கயும் இருக்குதாம். டாக்டர் சொன்னாரு."

"நீ பொய் சொன்னா மூக்கச் சொறிவே." சிரித்தான். சிரித்தால் இருமல் வரும், வந்தது. அது அடங்கியதும் சொன்னான்: "நான்தானே கேட்டேன். மாமாகிட்டச் சொல்லாத அக்கா. அது தாங்காது."

சரி என்று நான் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

நாலு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, இருமும்போது ரத்தம் வந்தது. நிற்கவில்லை. என் ரத்தம்தான் அது, ஓ குரூப். வாளியில் பிடித்தேன். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சாவுச் சீட்டு எழுத ஒரு சின்ன டாக்டர் வந்தான். சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் ரத்தப் புற்றுநோய் என்று எழுதினான்.

"அதை அடி" என்றேன்.

"மேடம், அவருக்குக் கேன்சர்தானே?"

"போய்டுச்சு. போன வாரம் எடுத்த ரத்த டெஸ்ட் ஃபைல்ல இருக்கு. ஒரு கேன்சர் செல் கிடையாது. எதுல செத்தானோ அத எழுது."

"இப்ப எத எழுதினா என்னங்க வித்தியாசம்?"

"உனக்கு இல்ல. எனக்கு இருக்கு."

பெரிய டாக்டர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவரே பேனாவை வாங்கி அடித்துவிட்டு, நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது யாரையும் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. கூடம் நிறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் பூ. அத்தை அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் அழுகைக்கு நடுவே சொன்னாள்:

"பொம்பள ரத்தம் ஆம்பளைக்கு ஒத்துக்குமா? அப்பவே சொன்னேன். இவ சாறு அவன் உடம்புல சேரல. உரிச்சுப் போட்டுச்சே தோல!"

பக்கத்தில் இருந்தவள் "ஆமாக்கா" என்றாள். இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். சுவரோரமாக மாமா நின்றிருந்தார். மெட்ராஸ் வரை போய் அந்த மருந்தை வாங்கி வந்தவர். எதற்கு அந்த மருந்து என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் குனிந்து நின்றார்.

நான் பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"படிங்க மாமா. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல. சத்தமாப் படிங்க."

அவர் மனதுக்குள் படித்தார். "பூசணம்னுதானேம்மா போட்டிருக்கு."

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"நீங்க கொண்டாந்த வைக்கோல்லேருந்து. என் ரத்தம் நல்லா இருந்துச்சு. நீங்க கொண்டாந்த வைக்கோல்தான் நெஞ்சுல மொளச்சுது."

மாமாவின் முகம் மாறியது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் காய வெக்கத்தானேம்மா சொன்னேன்" என்றார். "அவன் மூஞ்சிக்கு நேரா ஃபேனுக்குக் கீழ போட்டு உதறச் சொன்னனா? நீதானே உதறுன?"

அவர் சொன்னது சரி. அவர் சொன்னது சரி என்பதால் எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை வேறு எதற்கும் நான் அனுபவித்ததில்லை. அடிக்கக் கை ஓங்கினேனா என்று ஞாபகம் இல்லை. ஓங்கியதாக அத்தை பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்." அம்மா எழுந்திருக்கவில்லை. அவன் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "புள்ள கேட்டான். குடுத்தோம். பெட்டி வந்துருச்சான்னு போய்ப் பாருங்க."

வெளியே வந்தோம். பெட்டிக்காரன் சவப்பெட்டியோடு தெருமுனையில் நின்றிருந்தான். மழைக்குத் தோண்டிப் போட்டிருந்த சாக்கடைக்கு இந்தப் பக்கம் வண்டி வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர அவன் ஒரு ஆள்தான் இருந்தான். மற்ற ஆம்பளைகள் எல்லாம் கூடத்துக்குள் இருந்தார்கள். யாரையும் கூப்பிட எனக்குப் பொறுமை இல்லை. தலைமாட்டுப் பக்கத்தை மாமா பிடித்தார். கால்மாட்டை நான் பிடித்தேன். பெட்டிக்காரன் நடுவில் தாங்கினான். சாக்கடைப் பலகையில் கால் வைத்தபோது மாமா பக்கம் தாழ்ந்தது.

"தூக்கிப் புடிங்க" என்றேன்.

தூக்கிப் பிடித்தார்.